எட்டு போட்டால் மட்டும் போதாது, மாஸ்டர்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற உரிமையாளர்களுக்கும், தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுத் தருகிற மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்காகவும் வாதாடியிருக்கிறேன், வண்டியின் உரிமையாளருக்காகவும் வாதாடியிருக்கிறேன். இரண்டு தரப்பிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "இதை ஏன் சார் முன்னாடியே யாரும் எங்களுக்குச் சொல்லலை?" கேட்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சொந்தமாகக் கடை நடத்துகிறவர்கள். பல வருஷம் வண்டி ஓட்டியவர்கள். அந்த வண்டியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதன்முதலாகத் தீர்ப்பாயத்தின் வராந்தாவில் நின்று தெரிந்துகொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் வாகனச் சட்டம் தனிப் பாடமாக இல்லை. ஷோரூமில் ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, சாவியோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வேலை சோதித்துப் பார்ப்பது. போலீசின் வேலை தப்பைப் பிடிப்பது. எங்களிடம் வரும்போது எல்லாமே நடந்து முடிந்திருக்கும். புதிதாக வண்டி ஓட்டப் போகிற ஒருவரோடு நாள் கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் அமைச்சருக்கோ ஆணையருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். கிளட்ச், கியர், ஸ்டியரிங் சொல்லித் தருவதோடு, அந்த வண்டியை ஓட்டவும் வைத்திருக்கவும் சட்டம் நம்மிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கிறது என்பதையும் சொல்லித் தாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு விபத்துக்குப் பிறகு, இழந்த குடும்பத்துக்கு நிவாரணம் எளிதில் கிடைக்குமா, இடித்தவரின் வீடு மிஞ்சுமா என்பதைப் பெரும்பாலும் மூன்று காகிதங்கள் முடிவு செய்கின்றன: லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ்.

இதைக் கூடுதல் சுமையாக நான் உங்கள் தலையில் ஏற்றவில்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உங்கள் பள்ளிக்கான உரிமம் பற்றிய பகுதியை இன்னொரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 24-வது விதி பட்டியல் போடுகிறது. கரும்பலகை, சிக்னல் மாதிரிகள், சாலைக் குறியீட்டு அட்டவணை, பஞ்சர் ஒட்டும் சாமான், ஜாக்கி, முதலுதவிப் பெட்டி. அதே பட்டியலில் சாலைப் பாதுகாப்பு, போக்குவரத்து ஒழுங்குகள், மோட்டார் வாகனச் சட்டங்கள் பற்றிய புத்தகங்களும் வருகின்றன. மாணவர் உட்கார பெஞ்சும் மேசையும் கேட்கிறார்கள். வெறும் கார் மட்டும் வைத்துக்கொண்டு நடத்துகிற இடமாக இருந்தால் பெஞ்சு எதற்கு? உட்கார வைத்துப் பாடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்த விதியை எழுதியவர்களின் எண்ணம்.

31-வது விதி இன்னும் வெளிப்படையானது. சொந்த உபயோக வண்டிக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் மாணவர் உண்மையாகவே வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. பாடத்திட்டத்தில் ஓட்டும் பயிற்சியோடு போக்குவரத்துக் கல்வியும் முதலுதவியும் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவரும் எந்த நாளில் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுதி வைக்க 15-ம் எண் படிவம் என்று ஒன்று தனியாகவே உண்டு. பயிற்சி முடிந்து நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற 5-ம் எண் படிவம், இத்தனையும் நடந்தது என்பதற்கான சான்று. அந்தக் கையெழுத்தின் கனத்தை நினைத்துப் பாருங்கள். இதை ஒழுங்காகச் செய்கிற பள்ளிகள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். ஆனால் நாலைந்து நாள் மைதானத்தைச் சுற்றவிட்டு, டெஸ்ட் நாளன்று வரச் சொல்கிற பள்ளிகளும் இருக்கின்றன. உங்களில் நல்ல முறையில் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்த வேறுபாடு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மக்கள் மனதில் எல்.எல்.ஆர். என்பது 30 நாள் காத்திருப்பு. அதை வாங்கிக்கொண்டு, மாதம் முடிந்ததும் எட்டு போட்டுக் காட்டிவிட்டு லைசென்ஸ் வாங்கலாம், அவ்வளவுதான். அந்த 30 நாளை, ஒருவர் மேற்பார்வையோடு சாலையில் பழகிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும் என்பதால் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. அதற்கான எழுத்துத் தேர்வில் என்ன கேட்க வேண்டும் என்று 11-வது விதி சொல்கிறது: சாலைக் குறியீடுகளும் விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கிராசிங்கைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். நூற்றுக்கு 60 சரியாக இருந்தால் தேர்ச்சி. இந்த நாலு விஷயங்களையும் ஒருவர் உண்மையாகவே படித்துவிட்டால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் வர வேண்டியிருக்காது. பல இடங்களில் நடப்பதோ, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு "இதை அமுக்கு, அதை அமுக்கு" என்று சொல்வது. அப்படித் தேர்ச்சி பெற வைப்பதை உதவி என்று நினைத்துச் செய்கிறவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கெடுதல்.

எல்.எல்.ஆர். ஒரு நிபந்தனையோடு கூடிய அனுமதி. முறையான லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து தெரிய வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. டூ வீலர் பழகுகிறவர் தனக்குக் கற்றுத் தருகிறவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஆனால் எல்.எல்.ஆர். கையில் வந்த அடுத்த நாளே நண்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். "அதான் எல்.எல்.ஆர். இருக்கே" என்பது அவர்கள் பதில்.

இங்கே சட்டத்தின் நிலை நுட்பமானது, நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எல்.எல்.ஆரும் ஒரு செல்லத்தக்க உரிமம்தான், அதை மட்டும் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் நிபந்தனைகளை மீறி ஓட்டியிருந்தால், கம்பெனி அந்த வாதத்தை எடுக்கத்தான் செய்யும். அப்போது வரக்கூடிய உத்தரவு ஒன்று உண்டு: கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும். லைசென்சே இல்லாத ஆளிடம் வண்டியைக் கொடுத்த வழக்குகளில் இந்த உத்தரவு சர்வசாதாரணம். வண்டி பெரும்பாலும் அப்பாவின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ இருக்கும். பிள்ளை ஓட்டினான், பெற்றவர்களின் சேமிப்பு போயிற்று என்று முடிகிற கதைகள் இப்படித்தான் வருகின்றன.

வயது விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி 18 வயது நிரம்பியவர்தான் பொது இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டலாம். 16 வயதில் ஓட்டலாம் என்பது 50 சி.சி.க்கு மிகாத எஞ்சின் உள்ள டூ வீலருக்கு மட்டும். இன்று தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேல். அதனால் "பதினாறுக்கே லைசென்ஸ் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், எந்த வண்டிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மின்சார வண்டிகளிலும் இதே குழப்பம் இருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ளவற்றுக்குத்தான் லைசென்ஸ், பதிவு தேவையில்லை. அதைத் தாண்டிய மின்சார ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்குள்ள எல்லாக் கடமைகளும் உண்டு.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆரோ லைசென்ஸோ கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாது என்பதையோ, தடுக்க வேண்டிய முயற்சியைச் செய்தேன் என்பதையோ பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். பிளஸ் டூ விடுமுறையில் "சும்மா கிரவுண்டில் பழகட்டும் மாஸ்டர்" என்று பெற்றோர் அழைத்து வருவார்கள். அந்த இடத்தில் நீங்கள் இந்தப் பிரிவைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறீர்கள். அந்த மாதத்துக் கட்டணம் போகலாம். அந்தப் பையன் 18 முடிந்ததும் உங்களிடமே வருவான்.

அடுத்தது இன்சூரன்ஸ். எனக்கு மிக அதிகமாக மனம் நோகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொது இடத்தில் ஓடுகிற எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு, கட்டாயம் என்று 146-வது பிரிவு சொல்கிறது. இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜனங்கள் அந்த 2,000 ரூபாயை மட்டும் பார்க்கிறார்கள், "பிடிச்சா கட்டிக்கலாம்" என்கிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி, வீட்டில் சம்பாதிக்கிற ஒருவர் இறந்துபோனால், அவருடைய வயது, சம்பளம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு நிர்ணயிக்கும். மரணத்துக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசியில் இத்தனை ரூபாய்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். இல்லை என்றால் உரிமையாளர் தன் வீட்டையோ நிலத்தையோ விற்றுக் கட்ட வேண்டும். விற்க ஒன்றும் இல்லாத ஆளாக இருந்தால், இறந்தவரின் குடும்பம் கையில் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு காலம் முழுக்க அலையும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பாலிசி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் கதை வேறு மாதிரி. 2018 செப்டம்பர் 1 முதல், புது டூ வீலர் வாங்கும்போதே 5 ஆண்டுக்கும், புது காருக்கு 3 ஆண்டுக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதோடு சேர்த்துத் தரப்படுகிற சொந்தச் சேத இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். வண்டி வாங்கியவர் "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருப்பார்; இரண்டாம் வருஷம் வண்டி திருடு போகும்போது ஒன்றும் இல்லை என்று தெரியும். 5 ஆண்டு முடிந்த பிறகு புதுப்பிக்க மறப்பவர்கள் இன்னொரு கூட்டம். வருஷா வருஷம் கட்டிப் பழகாததால் அந்தத் தேதி நினைவிலேயே இருப்பதில்லை. ஆர்.சி.யையும் பாலிசியையும் மாணவரிடம் கொண்டுவரச் சொல்லி, எந்தத் தேதியில் எது முடிகிறது என்று அவரையே படிக்க வையுங்கள். கால் மணி நேரம் போதும்.

இதைவிட வேதனையான ஒன்றையும் சொல்ல வேண்டும். கணவன் ஓட்டுகிறார், மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வேறு வண்டி எதுவும் மோதவில்லை, கணவனின் கவனக்குறைவால் வண்டி சறுக்கி மனைவி இறந்துவிடுகிறார். பாலிசியோ மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசி. பின்னால் உட்கார்ந்து வருகிறவரை அந்த அடிப்படை பாலிசி காக்காது என்பது 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலைப்பாடு. பேக்கேஜ் பாலிசி என்கிற முழுப் பாலிசி இருந்தால் நிலைமை வேறு. நம் ஊரில் டூ வீலர்தான் குடும்ப வண்டி. மனைவியையும் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு போகிறவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிரீமியத்தில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு "தேர்ட் பார்ட்டி மட்டும் போடுங்க, போலீஸுக்குக் காட்டினா போதும்" என்கிறவரிடம் இதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டாமா? அப்புறம், உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடும் இருக்கிறது. அது கிடைக்க வேண்டுமானால் அவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும்.

வண்டியை விற்பதில் வருகிற சிக்கல் எங்களிடம் வருகிற வழக்குகளில் மறுபடி மறுபடி தலைகாட்டும். பழைய வண்டியை ஒரு புரோக்கரிடம் கொடுக்கிறார். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் வாங்குகிறவர் பெயர் எழுதாமலே கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பணம் கைக்கு வந்தாயிற்று, வண்டி போயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறார். இரண்டு வருஷம் கழித்து, பார்த்தே இராத ஊரில் நடந்த விபத்துக்காக அவருக்குச் சம்மன் வருகிறது. 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதே மாதிரி பல கை மாறிய ஒரு காரைத்தான். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர், வண்டி எத்தனை கை மாறியது என்று துப்புத் துலக்கிக்கொண்டு அலைய முடியாதல்லவா, அதுதான் அதன் நியாயம்.

50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலமென்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக்காரர், கூட வேலை பார்க்கிறவர், மச்சான் என்று பழக்கத்தில் கொடுக்கும் வண்டிகளில்தான் இது அதிகமாக விட்டுப்போகிறது. பெயர் மாற்றம் கேட்டால் நம்பிக்கையில்லாமல் பேசுவது போல் ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க, "சட்டம் இப்படிக் கேட்கிறது" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அதை உங்கள் வகுப்பு கொடுக்கலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் அபராதம் சின்னதாக இருக்காது. வண்டி பதிவாகி ஓராண்டு ஆனதும் புகைச் சான்றிதழ் வேண்டும். பழைய வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை, பி.எஸ். 4 என்ற மாசு வரம்பின்படியோ அதற்குப் பிந்தைய வரம்பின்படியோ தயாரானவற்றுக்கு ஓராண்டுக்கு ஒரு முறை. சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும், அதற்குப் பிறகு 5 ஆண்டு வீதம் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரியை மாற்ற வேண்டும். கடனில் வாங்கிய வண்டிக்குக் கடைசித் தவணை கட்டியதோடு விட்டுவிடாமல் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு) கேன்சல் செய்ய வேண்டும். ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ காட்டினாலும் செல்லும், இதையும் சொல்லிவிடுங்கள்.

லைசென்ஸின் ஆயுள் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. 30 வயதுக்குள் வாங்கினால் 40 வயது வரை, 30-லிருந்து 50-க்குள் வாங்கினால் 10 ஆண்டு, 50-லிருந்து 55-க்குள் என்றால் 60 வயது வரை, அதற்கு மேல் 5 ஆண்டு. முன்பு தேதி முடிந்த பிறகும் 30 நாள் லைசென்ஸ் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. அது இப்போது இல்லை. முடிந்த மறுநாளே அது செல்லாத லைசென்ஸ். ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதில் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். விமானத்திலிருந்து இறங்கிய வாரமே பழைய நினைப்பில் காரை எடுத்துவிடுகிறார்கள்.

விபத்து நடந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லித் தந்தே ஆக வேண்டும். அது எல்.எல்.ஆர். தேர்விலும் இருக்கிறது, முதலுதவி உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 134-வது பிரிவு ஓட்டுநரிடம் கேட்பது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க முடிந்ததெல்லாம் செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால், கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வரும் சூழ்நிலையைச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது. அப்போது அங்கேயே நிற்கச் சொல்லவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போவதுதான் அவர் செய்ய வேண்டியது. ஓடிப்போய்த் தலைமறைவாகிறவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. பயந்துபோனவர்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால், அந்தப் பதற்றத்தில் கை தானாக 108-ஐ அழைத்திருக்கும்.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவர்களுக்கும் இதே பயம்தான். உதவி செய்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நாளைக்கு உங்கள் மாணவர் அடிபட்டுக் கிடந்தாலும் யாரோ ஒருவர் நிறுத்த வேண்டும் அல்லவா? இந்த ஒரு பிரிவை எல்லாப் பயிற்சிப் பள்ளியும் சுவரில் எழுதிப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. டீசல் விலை, வண்டிப் பராமரிப்பு, மாஸ்டர் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் குறைந்த கட்டணத்தில் "பத்தே நாளில் லைசென்ஸ்" என்று போர்டு வைத்திருப்பார். மாணவர்களே "தியரி எல்லாம் வேண்டாம் மாஸ்டர், டெஸ்டுக்கு மட்டும் ரெடி பண்ணுங்க" என்பார்கள். போதாததற்கு, 2021 ஜூலை முதல் நடப்புக்கு வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள், பெரிய இடமும் சிமுலேட்டரும் வைத்திருப்பவர்களுக்குச் சாதகமானவை. அங்கே படித்தவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஓட்டுநர் தேர்விலிருந்தே விலக்கு உண்டு. கார் பயிற்சி 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் தியரி. இது சிறிய பள்ளிகளை நசுக்கிவிடுமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் அவர்களோடு இடத்தில் போட்டி போட முடியாது. மாணவரை ஆளாகத் தெரிந்து, அவர் வீட்டு வண்டி எது, யார் பெயரில் இருக்கிறது என்பது வரை தெரிந்து சொல்லித் தருவதில் நிச்சயம் போட்டி போடலாம்.

தனி வகுப்பறை எழுப்பச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம், கடைசி நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாளில் எல்.எல்.ஆர். நிபந்தனைகள், வயது, விபத்துக் கடமைகள். கடைசி நாளில் இன்சூரன்ஸ், ஆர்.சி., விற்பனை, லைசென்ஸ் காலம். நடுவில் சிக்னலில் நிற்கும்போதும் டீக்கடையில் நிறுத்தும்போதும் மாஸ்டர் எப்படியும் பேசத்தான் செய்கிறார். அந்தப் பேச்சில் பாதி இதுவாக இருக்கட்டும். குறிப்பாகப் பெண்களிடம் சொல்லுங்கள். வண்டி தன் பெயரில் இருந்தும், அதன் காகிதங்களை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்க்காத பெண்கள் நிறைய. சம்மன் வரும்போது உறை மேல் அவர்கள் பெயர்தான் இருக்கும்.

மாவட்டச் சங்கமாகச் சேர்ந்தால் தமிழில் நாலு பக்கத்தில் ஒரு கையேடு அச்சடிப்பது ஒரு பள்ளிக்குப் பெரிய செலவாகாது. எழுதித் தர என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் கட்டணம் இல்லாமல் வருவோம். சட்டத்தைப் பேசத் தயக்கமாக இருக்கிற பள்ளிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மக்களுக்குச் சட்ட விழிப்புணர்வு தருவது அவர்களின் வேலைகளில் ஒன்று. "எங்கள் பள்ளி மாணவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பற்றி ஒரு வகுப்பு நடத்தித் தாருங்கள்" என்று பள்ளியின் பெயர், முகவரி, எத்தனை மாணவர்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை வசதி என்று எழுதி, அதன் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இந்த மாதம் சேர்கிற பேட்சிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர்